வராதே என்று நான்கு பக்கம்

மார்ச் 4

பாலத்துக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றேதான் விட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. அரைப் பக்கம். எண்ணிப் பார்த்தேன், பதினொரு வரி. அதில் நான்கு வரி பாலத்துக்கு. தூண் எழும்பிவிட்டதாம், உன் கிரேனுக்குப் புதுக் கம்பி வந்திருக்கிறதாம், ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறதாம். அடுத்த ஆறு வரி குழந்தைக்கு. உதைக்கிறதா, எடை கூடியதா, டாக்டர் என்ன சொன்னார். கடைசியில், கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால், “நீயும் நலம்தானே.” நீயும்! நான் என்ன, குழந்தையைப் பொட்டலம் கட்டிய காகிதமா?

நான் நலமில்லை. காலையில் எழுந்தால் உலகத்தையே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. நேற்று பஸ்ஸில் ஒரு ஆள் தூங்கிப்போய் தன் ஸ்டாப்பைத் தவறவிட்டார். அவருக்காக ஒரு பாட்டம் அழுதேன். பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் இருமினார், அவரை அப்படியே ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடலாமா என்று பார்த்தேன். மத்தியானம் ஸ்டாம்ப் ஒட்டும்போது சிரிப்பு. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

போன மாதம் லீவில் வந்தபோது செருப்புக் கடையில் நடந்ததை நான் மறக்கவில்லை. கண்ணாடிக்குள் ஒரே ஒரு குட்டி ஷூ, ஜோடி இல்லாமல் வைத்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நீ சிரித்தாய். சிரித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். கடைக்காரரிடம் திரும்பி, “இவளுக்கு இப்ப இப்படித்தான்” என்றாயே, அதை மன்னிக்க மாட்டேன். நான் அழுதது நிஜம். அந்த அழுகை வேறு யாருடையதோ இல்லை. வீடு வந்ததும் முதுகைத் தட்டி, “எல்லாம் சரியாயிடும்” என்றாய். என்ன சரியாக வேண்டும்? நான் பழுதான கிரேனா?

கடைசி விஷயம். ஜூன் நடுவில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடுப்பாலம் இணைவது ஜூன் கடைசியில், முடிந்ததும் ஓடி வருகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். பயப்படுகிற நேரத்தில் இல்லாதவன் எதற்கு ஓடி வர வேண்டும்? முடிவாகச் சொல்கிறேன். பிறப்பதற்கு முன்னாலும் வர வேண்டாம், பின்னாலும் வர வேண்டாம். பாலத்திலேயே இரு. வராதே.

இப்படிக்கு,
பொட்டலக் காகிதம்


மார்ச் 9

தையல் மிஷின் கம்பெனி, குறை தீர்க்கும் பிரிவுக்கு,

வணக்கம். பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மிஷினில் தையல் விட்டு விட்டு விழுகிறது, பாபின் கேஸ் தேய்ந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பதிலுக்கு உங்கள் கம்பெனி உறையில் நான்கு பக்கம் வந்திருக்கிறது. நான் வரவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வருவதாகச் சொல்லவே இல்லையே.

முதல் பக்கம் முடியும்வரை கம்பெனிதான் என்னைத் திட்டுகிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக உங்கள் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், இதற்கு முன்னால் யாரும் இவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை. செருப்புக் கடை வந்த பிறகுதான் உறை மாறிவிட்டது என்று புரிந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு. அது தப்பு என்று கடைசி வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

என் வீட்டுக்காரர் இதே கடையில் கட்டிங் மாஸ்டர். “என்ன பதில் வந்துது?” என்று கேட்டார். “கோவமா இருக்காங்க” என்று மட்டும் சொல்லி டிராயருக்குள் வைத்துவிட்டேன். இப்போது என்ன செய்யட்டும்? உங்களுக்குத் திருப்பி அனுப்பவா, பாலத்துக்காரருக்கு அனுப்பவா, கிழித்துவிடவா? அவர் விலாசம் கடிதத்தில் இல்லை. எனக்கு வர வேண்டிய பதில் அவருக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பாவம் மனிதர். பாபின் கேஸையும் மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தையல்காரி

அந்த ஒற்றை ஷூவுக்கு நானும் அழுதிருப்பேன்.


மார்ச் 13

தையல்கார அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம்தானே? என் மானத்தை டிராயருக்குள் வைத்திருக்கிறவரை ‘வாடிக்கையாளர் அவர்களுக்கு’ என்று எழுத மனசு வரவில்லை. என்னை நீ என்றே எழுதுங்கள்.

எங்கள் பிரிவில் எல்லாப் புகாருக்கும் ஒரே பதில்தான். “தங்கள் புகார் கிடைத்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பதினைந்து வேலை நாட்களுக்குள் எங்கள் மெக்கானிக் நேரில் வந்து பார்ப்பார்.” மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். தினமும் நாற்பது உறை ஒட்டுகிறேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் எழுதிய கடிதமும் அதே மேஜையில் கிடந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒட்டினேன், மாறிவிட்டது. ஆக, ஆற்றுக்கு நடுவில் கிரேனில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரைப் பார்க்க மெக்கானிக் வரப்போகிறார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கடிதத்தை அவருக்கே அனுப்பிவிடுங்கள். விலாசம் கீழே இருக்கிறது. ‘நீயே இன்னொன்று எழுதிக்கொள்ளேன்’ என்று நினைப்பீர்கள். எழுதிப் பார்த்தேன் அக்கா, வரவில்லை. அது நல்ல கோபம். எதுவும் விட்டுப்போகாமல் வரிசையாக வந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே கொட்டாவி வருகிறது. அதனால் அதே கடிதம்தான் போக வேண்டும், இன்றைக்கே போக வேண்டும்.

பாபின் கேஸ் மூன்று வைத்திருக்கிறேன். ஸ்டோர்காரரை அழவைத்து வாங்கினேன். இல்லை, நான்தான் அழுதேன், அவர் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார்.

குறைப் பிரிவுக்காரி


மார்ச் 14

அக்கா,

கிழித்துவிடுங்கள்! அனுப்பாதீர்கள். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள இருந்தேன்.

நேற்று வீட்டுக்கு வந்து சமையலறையில் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். எடுத்து மூடியைத் திறந்த பிறகுதான் உறைத்தது, அது எப்போதும் மேல் தட்டில் இருக்கும். பார்த்தால் மேல் தட்டில் இருந்த அத்தனையும் இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கிறது. நான் எம்பக் கூடாது என்று லீவில் வந்தபோதே மாற்றி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதமாக அந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டே அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு அவரைத் தெரியாது. சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், “என்கிட்ட பேசாதே” என்றேன். ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் ஒரு சீட்டை நீட்டினார். “இன்னிக்குப் பேசலாமா?” என்று எழுதியிருந்தது. கோபமெல்லாம் இல்லை, நான் சொன்னேனாம், அதனால் செய்தாராம்! அவரிடம் போய் வராதே என்றால் வரமாட்டார் அக்கா. குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் பாலத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஜூன் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.

கிழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை சோறு இறங்காது. (இறங்குகிறது. இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறேன். ஆனால் நிம்மதியாக இறங்காது.)


மார்ச் 19

குறைப் பிரிவுக்காரிக்கு,

உன் இரண்டு கடிதமும் நேற்று ஒரே தபாலில் வந்தன. ஒன்று அனுப்பு என்றது, இன்னொன்று அனுப்பாதே என்றது. நடுவில் மூன்று பாபின் கேஸ். கவலையை விடு. அந்த விஷயம் முடிந்தது. இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஒரு பாபின் கேஸைப் போட்டேன், கச்சிதமாகப் பொருந்தியது. தையல் இப்போது ஒழுங்காக விழுகிறது. மற்ற இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு இருப்பது ஒரு மிஷின்தான். ஸ்டோர்காரருக்கு ஒரு சமாதானம் சொல்லிக் கொடுத்துவிடு.

வீட்டுக்காரருக்கு எழுதும்போது ‘நீ’, வெளியில் சொல்லும்போது ‘அவர்’. நல்ல ஏற்பாடு.

ஆறாம் மாதத்தில் என்ன உடுத்திக்கொண்டு ஆபீஸ் போகிறாய்? பழையதையே இழுத்துப் பூட்டுகிறாய் என்றால் அதனால்தான் பாதி எரிச்சல் வருகிறது. இடுப்புக்கு ஒரு நூலைச் சுற்றிப் பார்த்து, அந்த அளவில் வெட்டி அனுப்பு. மார்புக்கு ஒரு நூல், தோளிலிருந்து முழங்காலுக்கு ஒரு நூல். எது எது என்று முடிச்சுப் போட்டுக் குறித்து வை.

தையல்காரி


ஏப்ரல் 2

அக்கா,

நூல் மூன்றும் இத்துடன். இடுப்பு நூலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அளந்து முடித்ததும் நான் அழுதேன், பிறகு அந்த நூலைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துச் சிரித்தேன். இப்போது பெருமையாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

கிழித்ததற்கு ஆயிரம் நன்றி. என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். கேளுங்கள், ஒரு அதிசயம். போன மாதக் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பக்கம்! முதல் வரியே, “நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாகச் சொல்.” பாலத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. குழந்தை இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. நான் அனுப்பிய மெக்கானிக் பதிலை விளையாட்டு என்றே நினைத்துவிட்டார். சைட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். தினமும் தலை சீவி மெக்கானிக்குக்காகக் காத்திருக்கிறாராம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. “இந்த வாரம் எதற்கெல்லாம் அழுதாய்? ஒன்று விடாமல் எழுது.” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்கார்ந்து பதினேழு எழுதினேன். மழையில் நனைந்த சைக்கிள் சீட், பக்கத்து மேஜைக்காரியின் கடைசி பிஸ்கட்டை நான் தின்றுவிட்டது, ரேடியோவில் செய்தி வாசித்தவருக்கு ஜலதோஷம், இப்படியே. அவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.


ஏப்ரல் 8

குறைப் பிரிவுக்காரிக்கு,

கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டில் மூன்று வரிசைக் கொக்கி இருக்கும். மாதத்துக்கு ஒரு வரிசை தள்ளிப் போட்டுக்கொள். பாக்கெட் ஆழமாக வைத்திருக்கிறேன், கைக்குட்டை இரண்டு மூன்று பிடிக்கும். விலை கேட்டு எழுதாதே.

வேறு விசேஷம் இல்லை. கடையில் வேலை அதிகம். அதனால் சின்னக் கடிதம்.

தையல்காரி


ஏப்ரல் 25

அக்கா,

கவுனைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். பார்த்தவர்கள் எல்லாரும் யார் தைத்தது என்று கேட்கிறார்கள். ‘புகார் கொடுத்தவர்’ என்றேன், யாரும் நம்பவில்லை. சூப்பர்வைசர்கூட, “நல்லா இருக்கும்மா” என்றார். அவரை ஜன்னல் வழியாகப் போடும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் பிடித்து ஆட்டுகிறது. இந்த மனுஷன் ஏதோ தப்பு செய்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு கடிதம் வருகிறது. என் பதினேழு அழுகைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறார். சைக்கிள் சீட்டுக்கு, “நானாக இருந்தால் துடைத்துவிட்டு வந்திருப்பேன்” என்று. பிஸ்கட்டுக்கு, “இது அழ வேண்டிய விஷயம்தான், புது பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடு” என்று. ‘எல்லாம் சரியாயிடும்’ என்ற வார்த்தையையே காணோம். போன கடிதத்தில் செருப்புக் கடைக்கு மன்னிப்பு வேறு! “நான் கடைக்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்கிறார். நான் கேட்கவே இல்லையே? கிரேனை ஆற்றுக்குள் போட்டுவிட்டாரோ?

இன்னொன்றும் உறுத்துகிறது. இவ்வளவு எழுதுகிறவர் எப்போது வருகிறார் என்று மட்டும் எழுதுவதில்லை. முன்பாவது ஜூன் கடைசி என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் கேட்க மாட்டேன். கேட்டு வரவழைத்தால் அது வருகையா? ஆனால் தினமும் தபால்காரரைப் பார்த்தால் வாசலுக்குப் போய் நிற்கிறேன். எட்டாம் மாதம் வரப்போகிறது அக்கா.


மே 1

தங்கச்சி,

உன் சந்தேகம் நியாயமானது. தப்பு செய்தது அவர் இல்லை. நான்.

உன் இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்தன என்று எழுதினேன் அல்லவா? கிழித்துவிடு என்பதுதான் பிந்தைய தேதி, அதன்படிதான் செய்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும். உன் நான்கு பக்கத்தை டிராயரிலிருந்து எடுத்தேன், கிழிக்கத்தான் எடுத்தேன். இன்னொரு முறை படித்தேன். படித்துவிட்டு உறை வாங்கி வந்து, அவர் விலாசம் எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு சீட்டும் வைத்தேன். “உறை மாறி என்னிடம் வந்துவிட்டது. நான் அனுப்புவது அவளுக்குத் தெரியாது. இதற்கென்று பதில் எழுதாதீர்கள், இதைப் படித்து அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள்.” நீ சொன்னது சரிதான், சொன்னதை அப்படியே செய்கிற ஆள்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். என் மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. அவள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் உன்னைப் போலத்தான் இருந்தது. கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். யாராவது சட்டை அளவு கொடுக்கக் கையை விரித்து நின்றால், அவர்கள் என்னவோ என்னிடம் கேட்பது போல இருக்கும், அழுகை முட்டும். ஒரு நாள் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, அதைச் சொல்லவும் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார், ஐந்தடி தூரத்தில். நல்ல மனிதர், சாது. சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்பது மாதமும் சிரித்த முகமாக இருந்தேன். தெருவில் எல்லாரும், ‘இவளை மாதிரி வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்த்ததே இல்லை’ என்றார்கள். அவரும் இன்றுவரை யாரைப் பார்த்தாலும், “எங்க வீட்ல ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல” என்று பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஒன்பது மாதமும் அவர் வேறு யாருடனோ இருந்தது போல எனக்குத் தோன்றும்.

உன் நான்கு பக்கத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. நான் எழுதாமல் விட்டதை யாரோ எழுதி எனக்கே அனுப்பியது போல இருந்தது. அதற்காக உன்னைக் கேட்காமல் செய்தது சரியாகிவிடாது. திட்டுவதென்றால் திட்டு. பாபின் கேஸ் இனிமேல் கேட்கமாட்டேன்.

தையல்காரி


மே 5

தங்கள் கடிதம் கிடைத்தது. ஏற்பட்ட துரோகத்துக்கு நான் வருந்துகிறேன். இனி எந்த மெக்கானிக்கும் வரமாட்டார்.


மே 6

அக்கா,

நேற்றைய கடிதத்தைப் பொருட்படுத்தாதீர்கள். இல்லை, பொருட்படுத்துங்கள், கோபம் நிஜம்தான். ஆனால் இன்று அது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

நேற்று முழுக்க உங்களை மனசுக்குள் கிழி கிழியென்று கிழித்தேன். காலையில் அவருடைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றும் என் நான்கு பக்கத்துக்குப் பதில். அரைப் பக்கம் என்றேன், மூன்று பக்கமானது. நீயும் என்றேன், நீ ஆனது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார் அந்த ஆள்! படிக்கப் படிக்கச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கடைத்துவிட்டது.

அப்புறம்தான் பகீர் என்றது. நான் எழுதிய எல்லாவற்றையும் செய்கிறார் என்றால், கடைசி வரியையும் செய்வார்தானே? வராதே என்பதுதானே கடைசி வரி? அதனால்தான் வருகிற தேதியே இல்லை! இப்போது நானே, ‘வா’ என்று எழுத வேண்டும். பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். இத்தனையும் புரிந்துகொண்டவர் இதையும் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அது பாழாய்ப்போன பிடிவாதம் என்றும் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. என் கடிதத்தை அனுப்ப அவ்வளவு துணிச்சல் வந்ததே, உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னும் ஏன் சொல்லவில்லை? ஐந்தடிதானே? ஸ்டாம்ப்கூட வேண்டாம்.


மே 11

தங்கச்சி,

‘வா’ என்று எழுது. ஒரே எழுத்து. அதற்கு மேல் யோசித்தால் குழந்தை முந்திக்கொள்ளும்.

என் கதையை விடு. இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை ஏன் பறிக்க வேண்டும்? கடையில் பள்ளிச் சீருடை மலை போலக் குவிந்திருக்கிறது. மூன்றாவது கொக்கிக்கு வந்துவிட்டாயா?

தையல்காரி


மே 29

அக்கா,

வந்துவிட்டார்!

‘வா’ என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி (இந்த முறை மூன்று தடவை விலாசம் பார்த்தேன்) பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் தபால் பெட்டியில் போடலாம் என்று இருந்தேன். அப்படியே பத்து நாள் தள்ளிப்போட்டேன் பார்த்தீர்களா, அதுதான் என் லட்சணம். நேற்று பதினொரு மணிக்குப் புகார் கவுண்டரில் வரிசை. தலையைத் தூக்காமல், “என்ன குறை?” என்றேன். நிமிர்ந்து பார்த்தால் வெயிலில் கறுத்துப்போய், பெட்டியோடு நிற்கிறார்.

எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தனை பேர் முன்னாலும், “வராதேன்னு எழுதினேனே, படிக்கலையா?” என்று கத்தினேன்.

“படிச்சேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

“முதல் நாள் படிச்சப்ப, சரி, வர வேணாம்னு சொல்லிட்டா, போகக் கூடாதுன்னுதான் நினைச்சேன். தினமும் எடுத்துப் படிச்சேன். வராதேன்னு சொல்ல ஒரு வரி போதும். நாலு பக்கம் எழுதியிருக்கே. பயமா இருக்குன்னு வேற எழுதியிருக்கே. வராதேன்னு சொல்றவ அதை எதுக்கு எழுதணும்னு யோசிச்சேன்.”

சைட்டில் இன்னொரு ஆளுக்கு இரண்டு மாதமாகக் கிரேன் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நடுப்பாலத்தை அந்த ஆள்தான் இணைக்கப்போகிறார். மேலதிகாரி சம்மதிப்பாரா என்று கடைசிவரை தெரியாததால் தேதி எழுதவில்லையாம். “சொல்லிட்டு வராமப் போனா நீ தாங்க மாட்டே” என்றார். வரிசையில் நின்ற ஒரு அம்மா, “எங்க மிஷினை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இவரைப் பாரும்மா” என்றார். சூப்பர்வைசர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கவுண்டரை அவரே பார்த்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். வழி முழுக்க அழுதேன். இந்த முறை இவர் முதுகைத் தட்டவில்லை. கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.


ஜூன் 16

அக்கா,

பெண். நேற்றுக் காலை. இருவரும் நலம். பிரசவ அறைக்கு வெளியில் நின்றவர்தான் கொஞ்சம் நலமில்லை. குழந்தையைக் கையில் கொடுத்ததும் தேம்பித் தேம்பி அழுதார். நர்ஸ் என்னைப் பார்த்தார். “இவருக்கு இப்ப இப்படித்தான்” என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. “அழட்டும் சிஸ்டர், நிஜமாத்தான் அழறாரு” என்றேன்.

நீங்கள் அன்று கிழித்திருந்தால் நான் நேற்றுத் தனியாக இருந்திருப்பேன். அதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அதனால் திட்டுகிறேன். ஐந்தடி தூரத்தில் இருக்கிற மனிதருக்கு இருபத்தாறு வருஷமாகத் தபால் போடாமல் வைத்திருக்கிறீர்களே, என்ன துணிச்சலில் எனக்குப் புத்தி சொல்ல வந்தீர்கள்? அவர் பெருமையைப் பறித்துவிடுவோமோ என்று பயமா? அவர் உங்களைத் தெரிந்துகொண்டதாக நினைத்துப் பெருமைப்படுகிறார். நிஜமாகத் தெரிந்துகொள்ளட்டுமே. தூக்கம் வருகிறது. பாப்பா எழுந்துவிட்டாள். இரண்டும் ஒன்றாக.


ஜூன் 30

தங்கச்சி,

குழந்தைக்கும் உனக்கும், அழுதவருக்கும் என் அன்பு.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒருவர், மனைவி மாசமாக இருப்பதாகவும் வீட்டில் தினமும் ரகளை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். “எங்க வீட்ல ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல.” வந்தவர் போனதும் மிஷினை நிறுத்தினேன். “அது பொய்ங்க” என்றேன். “எது?” என்றார். சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ நினைப்பது போல அவர் கண் கலங்கவில்லை. கோபம் வந்தது! எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, கையிலிருந்த சாக்கட்டியை மேஜையில் போட்டார், அது இரண்டாக உடைந்தது. “பக்கத்துலயேதானே இருந்தேன்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?” என்று கத்தினார். நானும் கத்தினேன். “கேட்டீங்களா?” என்றேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் எனக்கு உள்ளூர ஒரே குஷி. என்னைப் பற்றி எனக்காக ஒருவர் கோபமாக இருக்கிறார்!

மூன்றாம் நாள் சட்டைத் துணியில் கோடு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். “ரெண்டாம் மாசத்துல ஒரு நாள் தலைவலின்னு கடைக்கு வரல. அது?”

“அழுதுட்டு இருந்தேன்.”

கொஞ்ச நேரம் வெட்டினார். “அந்தக் கல்யாணக் கோட்டுக்குப் பொத்தான் தப்பா வெச்சியே, அன்னிக்கு?”

“அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ஏன்னே தெரியல. கை ஓடல.”

“சொல்லியிருக்கலாம்ல” என்றார். இந்த முறை மெதுவாக.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். எனக்கே மறந்துபோன நாட்களை எல்லாம் எங்கிருந்தோ எடுத்து வருகிறார். அன்று மழை பெய்ததே, அன்று உன் அண்ணன் வந்தாரே, அன்று நீ இரண்டு டீ குடித்தாயே என்று. ஒவ்வொரு நாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறார். வேலை எல்லாம் பின்தங்கிவிட்டது. சீருடை கேட்டு வந்தவர்கள் வெளியில் காத்திருக்கிறார்கள்.

இப்போதுதான் நான்காம் மாதத்துக்கு வந்திருக்கிறார். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

தையல்காரி